கணிதம் முந்தட்டும்: இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளநிலை இயற்பியல் பாடத்திட்டத்தைத் திருத்தக் கூடும்போதெல்லாம், எந்தப் புதிய தாளைச் சேர்ப்பது, எதை விருப்பப் பாடமாக்குவது என்பதிலேயே கூட்டத்தின் பெரும்பொழுது கழிந்துவிடுகிறது. இருக்கிற தாள்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது, எல்லோரும் எழுந்துகொள்ளும் வேளையில், எந்த ஆசிரியருக்கு எந்தப் பருவத்தில் வேலைப்பளு குறைவு என்பதைப் பார்த்து முடிவாகிறது. இந்தத் தாள்களைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் ஆசிரியர் என்ற முறையில், இந்த வரிசையைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

என் வகுப்பில் நடந்தது இது. குவாண்டம் இயக்கவியலில் ஹைட்ரஜன் அணுவை எடுத்திருந்தேன். அதன் எலக்ட்ரானை விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கோள ஆயங்களில் எழுதி, மாறிகளைப் பிரித்து, கோணப் பகுதிக்கு வந்தபோது ஒரு மாணவி எழுந்து, அந்தப் பிரிப்பு மாறிலி ஏன் ஒரு முழு எண்ணையும் அதற்கடுத்த முழு எண்ணையும் பெருக்கிய மதிப்பாக மட்டுமே இருக்க வேண்டும் என்று கேட்டார். அந்தப் பாடத்தின் உயிர்நாடியைத் தொட்ட கேள்வி அது. அந்தக் கோணப் பகுதி தரும் லெஜாண்டர் சமன்பாட்டின் தொடர்த் தீர்வு ஓரிடத்தில் நின்றாக வேண்டும், நிற்காவிட்டால் துருவத்தில் அது முடிவிலியாகப் பெருகிவிடும், அதை நிற்கவைக்க அந்த மதிப்புகளால் மட்டுமே முடியும் என்பதுதான் விடை. ஆனால் தொடர்த் தீர்வு முறை அவர்களுக்குக் கணிதத் தாளில் அடுத்த பருவத்தில்தான் வரவிருந்தது. “இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் உட்கார்ந்து, அந்த வரியைச் சுற்றிக் கட்டம் போட்டுக்கொண்டார். அடுத்த பருவத்தில் கணித ஆசிரியர் அதே சமன்பாட்டை ஹைட்ரஜனின் பெயரைக்கூட எடுக்காமல் நடத்தி முடித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தரப்பட்ட பாடத்திட்டத்தில் ஹைட்ரஜன் இல்லை.

1925இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைசன்பர்க் குவாண்டம் இயக்கவியலுக்கு வழி திறந்தபோது, தாம் பயன்படுத்திய விநோதமான பெருக்கல் விதி அணிகளின் (மேட்ரிக்ஸ்களின்) பெருக்கல்தான் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அதை அடையாளம் கண்டவர் அவருடைய பேராசிரியர் மாக்ஸ் போர்ன்; பிரெஸ்லாவில் மாணவராக இருந்த காலத்தில் ரோசானெஸ் என்ற ஆசிரியரிடம் கற்ற இயற்கணிதம் அவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஹைசன்பர்க்குக்குப் பக்கத்தில் ஒரு போர்ன் இருந்தார். நம் மாணவருக்குப் பக்கத்தில் இருப்பது பாட அட்டவணை மட்டுமே.

ஆகவே அட்டவணையைக் கடைசிப் பருவத்திலிருந்து பின்னோக்கி எழுதும்படி வேண்டுகிறேன். குவாண்டம் இயக்கவியல் இன்ன பருவத்தில் என்று முடிவானால், ஐகன் மதிப்புகள் வரையிலான நேரியல் இயற்கணிதமும், ஃபூரியர் தொடரும், மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மொத்த ஆற்றலைக் குறிக்கும் ஹாமில்டனியன் என்ற சொல்லையாவது இயக்கவியல் தாளில் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். மின்காந்தவியலுக்கு வருகிறவர் டைவர்ஜென்ஸ், கர்ல், ஸ்டோக்ஸ் தேற்றம் ஆகிய திசையன் கணிதக் கருவிகளை அங்கேயே முதன்முதலாகச் சந்தித்தால், மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கும் அவருக்கு நான்கு மனப்பாட வரிகளாகவே போய்ச் சேரும். வெப்ப இயக்கவியலுக்குப் பகுதி வகையீடும், புள்ளியியல் இயக்கவியலுக்கு நிகழ்தகவும் முன்தேவை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கணிதத்தை முன்னால் குவித்தால், இயற்பியலை நாடி வந்தவர் முதலாண்டிலேயே சலித்துவிடுவார் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் நான் கேட்பது ஓராண்டு முழுக்கக் கணிதம் அல்ல. ஒரே பருவத்தில் இரண்டும் நடந்தாலும், கணித வகுப்பு நான்கு வாரமாவது முந்திச் செல்லட்டும், அதன் கணக்குகள் அதிரும் கம்பியிலிருந்தும் வெப்பம் கடக்கும் தண்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கட்டும். இதற்கு இரு துறை ஆசிரியர்களும் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்கார வேண்டும். என் பணிக்காலத்தில் அப்படி உட்கார்ந்தது ஒரே ஒருமுறை, அதுவும் தேர்வு மேற்பார்வை அறையில்.

செய்முறை வகுப்பிலும் இதே தலைகீழ் வரிசைதான். தனி ஊசலை முதல் வாரத்திலும், பிழைக் கணக்கீட்டை இரண்டாம் ஆண்டிலும் வைத்திருக்கிறோம். ஒரு மீட்டர் நீள ஊசல் 20 முறை அலைய ஏறக்குறைய 40 வினாடி ஆகும். ஸ்டாப்வாட்சை அழுத்தும் கை 0.2 வினாடி பிந்தினால் அலைவு நேரத்தில் அரை விழுக்காடு பிழை. ஈர்ப்பு முடுக்கம் அலைவு நேரத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால் அது அங்கே ஒரு விழுக்காடாகிறது, அதாவது 9.81 என்ற சரியான மதிப்பில் சுமார் 0.1. ஆகவே 9.71 என்று விடை பெற்ற மாணவர் ஒரு தவறும் செய்யவில்லை. அது தெரியாத அவரோ, பதறிப்போய் அளவீடுகளை அழித்துத் திருத்தி, ரெக்கார்டு நோட்டில் 9.8126 என்று எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டுகிறார். முதல் இரண்டு செய்முறை வகுப்புகளைப் பிழைக் கணக்கீட்டுக்கே ஒதுக்கினால், அறிவியலில் அவர் கற்கும் முதல் பழக்கம் பொய்க்கணக்காக இருக்காது.

கணினி நிரலாக்கத்தைத் தனித் தாளாக ஒதுக்கிவைப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். சுருள்வில்லின் இயக்கத்தை, காலத்தைச் சிறு படிகளாக நகர்த்திக் கணக்கிடும் ஆய்லர் முறையில் நிரலாக்கும் மாணவர், ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு பெருகுவதைத் திரையில் காண்பார். முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய மதிப்பைக் கொண்டு இடத்தைக் கணக்கிடும்படி இரண்டு வரிகளை இடம் மாற்றினால் பெருக்கம் நின்றுவிடும். இதைக் காண வேண்டிய இடம் இயக்கவியல் வகுப்பே.

வரிசையை இறுக்கினால் ஒரு கேடு உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பருவக் கணிதத்தில் அரியர் வைத்த ஒருவர், அதை முன்தேவையாகக் கொண்ட தாள்கள் அனைத்தையும் ஓராண்டு தள்ளிப்போட வேண்டிவரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் அடிப்படைக் கணிதத் தாள்களை ஒவ்வொரு பருவத்திலும் நடத்த ஏற்பாடு செய்யாமல் முன்தேவை விதியைக் கொண்டுவராதீர்கள். ஒரு விருப்பப் பாடத்தைக் கைவிட்டால் அதற்கான ஆசிரியர் கிடைத்துவிடுவார்.

அடுத்த கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு தாளின் ஆசிரியரிடமும் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: முதல் நான்கு வாரங்களில் வகுப்பில் அவர் கையாளும் கணிதம் எது, அதை மாணவர் எந்தத் தாளில் கற்றிருப்பதாக அவர் நம்புகிறார். அந்தப் பக்கங்களை மேசைமேல் பரப்பிவைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். என் தாளுக்கான பக்கத்தை இம்மடலுடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இளநிலை இயற்பியல் ஆசிரியர் ஒருவர்