பாப்பாவின் கைக்கு ஏற்ற வேலை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

பாப்பாவோடு சேர்ந்து செய்யலாமென்று கடையில் கைவேலைப் பெட்டி ஒன்று வாங்கினேன், பத்து நிமிஷத்தில் அவள் எழுந்து போய்விட்டாள், மீதியை நானே ஒட்டி முடித்தேன் என்று எழுதியிருந்தாய். அவளுக்குப் பொறுமை இல்லையோ என்றும் கேட்டிருந்தாய். பொறுமையெல்லாம் இருக்கும். அந்தப் பெட்டிகளில், மேலட்டைப் படத்தில் இருப்பது போலவே கடைசியில் வந்தாக வேண்டும். கோட்டுக்குள் ஒட்டவேண்டும், ஓரத்தோடு ஓரம் சேரவேண்டும். நான்கு வயதுக் கைக்கு அது வராது. தப்பாகிவிடுமே என்று நீ அவள் கையைப் பிடித்திருப்பாய். இரண்டு தடவை பிடித்தால் மூன்றாவது தடவை எந்தக் குழந்தையும் கையை நீட்டாது.

அதனால் பொருளை மாற்று. கோணலாகப் போனாலும் கெட்டுப்போகாத பொருளாக எடுத்துக்கொள். இந்த வயதில் கிழிப்பது, பிசைவது, உருட்டுவது, தட்டுவது, பூசுவது எல்லாம் நன்றாக வரும். நேராக வெட்டுவதும் முடிச்சுப் போடுவதும் வராது. வருகிற வேலை அத்தனையும் அவளுக்கு. வராததை முந்தின நாள் ராத்திரியே நீ முடித்து வைத்துவிடு. அவளை உட்காரவைத்துக்கொண்டு நீ வெட்டினால், அவள் வேடிக்கை பார்க்க வந்தவள் ஆகிவிடுவாள்.

கத்தரிக்கோலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முனை மழுங்கியது வாங்கு, ஆனால் வாய் கூர்மையாக இருக்கட்டும். வெட்டாத கத்தரிக்கோல் தாளை மடித்துக்கொண்டு போகும், குழந்தை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். இடது கைக்காரக் குழந்தை என்றால் இடது கைக் கத்தரிக்கோலே வேண்டும். வலது கைக்கானதை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் விலகிக்கொள்ளும், தாள் நடுவில் சிக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக நீ வெட்டி வை. ஒரே ‘நறுக்’கில் ஒரு துண்டு விழுகிற அகலம் அது. பெருவிரல் மேலே பார்த்தபடி இருக்கவேண்டும் என்பதை மட்டும் காட்டிக் கொடு. மெல்லிய தாள் துவளும், பத்திரிகை அட்டை விறைப்பாக நிற்கும், அதனால் வெட்டு வசப்படும். விழுந்த துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வை, பிறகு ஒட்டுவதற்கு ஆகும்.

ஒட்டுவதற்கு மைதா பசை போதும். மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி மைதாவை முதலில் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள். பிறகு முக்கால் டம்ளர் தண்ணீர் சேர்த்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிளறு. மூன்று நான்கு நிமிஷத்தில் வெள்ளை நிறம் மங்கி, கூழ் போல் பளபளக்கும். அதுதான் பதம். மைதாவை நேராக வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். உருண்டையின் வெளிப்பக்கம் உடனே வெந்து தோலாகி, உள்ளே தண்ணீர் போக விடாது. ஆறியபின் இறுகும், அதனால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இறக்கு. ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடு. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தை தொடுகிற பசையில் வேண்டவே வேண்டாம். தாள் சுருங்குகிறது என்றால் பசையைத் தடிமனாகப் பூசியிருக்கிறீர்கள் என்று பொருள். ஈரத்தில் தாள் உப்பும், காயும்போது சுருங்கும். மெல்லியதாகப் பூசி, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றச் சொல்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் ஊர்ப் பக்கம் பாட்டிமார் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு உரலில் இடித்து, கவிழ்த்த பானையின்மேல் அப்பிக் கூடை செய்வார்கள், நினைவிருக்கிறதா? சின்னக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கிழிப்பது, பிசைவது, அப்புவதுதான். கோணலாக வந்தாலும் அது கிண்ணம்தான்.

விரித்தால் இரண்டு பக்கம் வருகிற பெரிய செய்தித்தாள் ஆறு எடுத்துக்கொள். வழவழப்பான இணைப்பிதழ் வேண்டாம், அது ஊறாது. பின் அடித்திருந்தால் எடுத்துவிடு. முதல் நாள் வேலை கிழிப்பது மட்டும்தான். ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கோடு போட்டது போல் வரும், தாளைக் குறுக்காகத் திருப்பி வைத்துக் கிழித்தால் பிய்ந்து பிய்ந்து வரும். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்துக்கொள்வதுதான் காரணம். எந்தப் பக்கம் நேராக வருகிறது என்பதை நீ சொல்லிவிடாதே, அவளே கண்டுபிடிக்கட்டும். நீளப் பட்டைகளைப் பிறகு தபால்தலை அளவுக்குக் கிழிக்கவேண்டும். ஒரே நாளில் ஆறு தாளும் முடியவேண்டும் என்றில்லை.

கிழித்ததை வாளித் தண்ணீரில் மூழ்க ஊறப்போடு. இரண்டு நாள் ஊறவேண்டும், தினமும் ஒருமுறை தண்ணீரை மாற்று, இல்லாவிட்டால் நாற்றம் வரும். கடைசி ராத்திரி, மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி வெந்தயத்தைத் தனியாக ஊறவை. காலையில் அதை மையாக அரைத்தால் வழவழவென்று பொங்கி வரும். அந்த வழவழப்புதான் இங்கே பசை. கசப்பு இருப்பதால் பூச்சியும் அவ்வளவாக அண்டாது. மைதா மட்டும் போட்டால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும்.

ஊறிய காகிதத்தைக் கூழாக்க மிக்ஸி போதும். ஒரு கைப்பிடிக் காகிதத்துக்கு அரை ஜார் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு ஓட்டு. தண்ணீர் குறைந்தால் காகிதம் அலகில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடாகும். இதற்குப் பழைய ஜார் ஒன்றை ஒதுக்கிவிடு. அச்சு மை ஏறியதைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதே. மின்சாரம் போய்விட்டாலும் கவலையில்லை, நன்றாக ஊறியதைக் கையால் பிசைந்தே பாதி கூழாக்கிவிடலாம். கொஞ்சம் திப்பி திப்பியாக இருக்கும், இருக்கட்டும்.

பிறகு துணியில் கொட்டிப் பிழி. பதம் இதில்தான் இருக்கிறது. கொழுக்கட்டை பிடிப்பது போல் உள்ளங்கையில் அழுத்தினால் உருவம் நிற்கவேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. ஈரம் அதிகமானால் அச்சிலிருந்து சரியும், காயவும் நாளாகும், அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். ரொம்பப் பிழிந்துவிட்டால் துண்டு துண்டாக உதிரும், கொஞ்சம் நீர் தெளித்துக்கொள்ளலாம். பிழிந்த கூழில் வெந்தய விழுதைச் சேர்த்து, சப்பாத்தி மாவு போல் பிசையச் சொல். அவளுக்குப் பிடித்த கட்டம் இதுவாகத்தான் இருக்கும், அவசரப்படுத்தாதே.

அச்சுக்கு வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வை. வாய் குறுகி வயிறு பெருத்த சொம்பு வேண்டாம், கழற்ற வராது. கிண்ணத்தின்மேல் பழைய வேட்டித் துண்டை நனைத்துப் போர்த்திவிட்டு, கூழை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பவேண்டும். குழந்தைகள் உச்சியில் கொழுக்கென்று வைத்துவிட்டு ஓரத்தை விட்டுவிடுவார்கள். ஓரம் மெலிந்தால் அங்கேதான் முதலில் உடையும். கடைசியில் நீ ஒரு சுற்று ஓரத்தை மட்டும் தட்டிக் கொடு, மற்ற மேடுபள்ளங்களில் கை வைக்காதே. அவள் விரல் பதிந்த தடம் காய்ந்தபின் அழகாகத் தெரியும்.

ஒரு நாள் காற்றோட்டமான இடத்தில் வை. மேல்பக்கம் தொட்டால் ஒட்டாமல், உள்ளே ஈரம் இருக்கும்போதே அச்சிலிருந்து எடுத்துவிடவேண்டும். முழுவதும் காயும்வரை விட்டால் கூழ் சுருங்கி, கிண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, விடாமல் விரிசல் விடும். பலருக்கும் இந்த வேலை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். எடுத்ததும் துணியை உரித்துவிட்டு, மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் காயவை, காலையும் மாலையும் திருப்பிப் போடு. தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. அதன்மேல் அந்தக் கல்யாணப் பத்திரிகைத் துண்டுகளையோ, தினசரிக் காலண்டர் தாளையோ மைதா பசையால் அவளே ஒட்டட்டும்.

இத்தனை நாள் காத்திருக்கமாட்டாள் என்று தோன்றினால், அதே நாளில் முடிகிற ஒன்று சொல்கிறேன். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் சிவப்பாக மாறுமே, அதையே வேலையாக்கலாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கால் டம்ளர் தண்ணீரில் கலக்கி, வழவழப்பில்லாத வெள்ளைத் தாள் முழுக்கப் பூசி உலர்த்து. குளியல் சோப்பைச் சீவிக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியால் அவள் அதன்மேல் கோடு போட்டால், போகிற வழியெல்லாம் செம்பழுப்பாகும். எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான், அங்கே சுண்ணாம்பு சேர்க்கிறோம். ஆனால் குழந்தை கையில் சுண்ணாம்பைக் கொடுக்காதே, கண்ணில் பட்டால் பார்வையே கெடும். சோப்புத் தண்ணீரும் கண்ணை எரிக்கும், குச்சியை மட்டும் அவளிடம் கொடு. இந்தப் படத்தை ஜன்னலோரம் மாட்டினால் சில நாளிலேயே வெளுத்துவிடும், வெளிச்சத்தில் மஞ்சள் நிற்காது. நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிடு.

உப்பு மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர். கல் உப்பு போட்டால் கரையாமல் நறநறவென்று நிற்கும், காய்ந்தபின் அந்த இடமெல்லாம் பொரியும். அரை சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். முதல் நாள் நிழலில் வைத்துவிட்டுப் பிறகுதான் வெயிலுக்கு எடுத்துப் போ. செய்த உடனே வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் சுருங்கி வெடிக்கும். ஆனால் சென்னையில் இதைப் பங்குனி, சித்திரையில் செய். ஐப்பசி அடைமழையில் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, செய்த பொம்மை பிசுபிசுவென்று தளர்ந்துவிடும். எதையும் வாயில் வைக்கிற வயதுக் குழந்தையோ, நாயோ வீட்டில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அவ்வளவு உப்பு உள்ளே போவது ஆபத்து.

வெளியே போகும்போது பூவரச மரம் கண்ணில் பட்டால் அதன் இலையில் பீப்பி செய்து கொடு. ரொம்பக் கொழுந்தும் வேண்டாம், முற்றினதும் வேண்டாம். கொழுந்து துவண்டு அடைத்துக்கொள்ளும், முற்றல் சுருட்டும்போது கீறிவிடும். காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவது போல் சுருட்டு. நடுவில் ஈர்க்குச்சி நுழைகிற துளை இருக்கட்டும். ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கி அந்தப் பக்கம் ஊதவேண்டும். சத்தம் வராமல் வெறும் காற்று போனால் இன்னும் கொஞ்சம் நசுக்கு, காற்றே போகாவிட்டால் அதிகமாக நசுக்கிவிட்டாய்.

இதை மட்டும் கண்டிப்பாகக் கேள். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க என்று குன்றிமணியை வீட்டுக்குள் கொண்டுவராதே. பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே இருப்பது கொடிய விஷம். முழுதாக விழுங்கினால் ஒருவேளை அப்படியே வெளியேறலாம். கடித்தாலோ, ஓடு விரிசல் விட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. கோர்ப்பதற்காகத் துளை போடுவதும் அபாயம். பிள்ளையாரின் கண்ணை ஈர்க்குச்சியால் குத்திக் குழித்தாலே போதும். வீட்டுக்கு மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வந்தால் பொத்தான், மணி, பட்டாணி எல்லாவற்றையும் எடுத்து உயரே வைத்துவிடு.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து கிழியுங்கள், வியாழன் காலை ஊறப்போடு. வெந்தயத்தை வெள்ளிக்கிழமை ராத்திரி நனைத்து வைத்தால் சனிக்கிழமை காலையில் பிசைந்துவிடலாம். கிண்ணத்தில் தண்ணீர் பட்டால் கரையும், பூண்டோ சின்ன வெங்காயமோ போட்டு வைக்க ஆகும்.

அன்புடன்,
அக்கா