அந்த 57 சதவீதத்துக்குக் கணக்கு எங்கே? ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

ரயில்வே வாரியத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே திரும்பப் பெறுகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துத் தந்தீர்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனையும் கடன்காரனாக உணரவைக்கும் வரி அது. பிறகு அந்த 57 கூட 54 ஆனது. 100 ரூபாய் சேவைக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், 2022-23இல் பயணிகளுக்குத் தந்த மானியம் 56,993 கோடி ரூபாய் என்றார் ரயில்வே அமைச்சர். 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகையைத் திரும்பக் கேட்டால், பதிலாக இந்த எண்ணைத்தான் எடுத்து நீட்டுகிறீர்கள்.

மானியம் தருவது தவறில்லை, தாராளமாகத் தாருங்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நிலக்கரி வேகன் ஓடும் தண்டவாளத்தில்தான் பாசஞ்சர் ரயிலும் ஓடுகிறது. சிக்னல், நிலைய அதிகாரி, கேட் கீப்பர் எல்லாம் இரண்டுக்கும் பொது. இந்தப் பொதுச் செலவில் எவ்வளவைப் பயணிகள் தலையில் எழுதுவது, எவ்வளவைச் சரக்கின் தலையில் எழுதுவது? அந்தப் பங்கீட்டை மாற்றினால், ஒரு ரயிலைக்கூட நிறுத்தாமல் நஷ்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மானியம் பிறக்கும் இடமே அதுதான். பயணிக்குப் புரியும்படி அதை ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடக் கூடாதா?

சராசரி என்ற சொல்லும் வசதியானது. புறநகர் ரயிலில் நின்றுகொண்டே போகிறவருக்கும், ராஜதானியில், இடம் நிரம்ப நிரம்ப ஏறும் ஃபிளெக்சி கட்டணமாக 1.4 மடங்கு வரை கொடுத்தவருக்கும் ஒரே 57தானா? டிக்கெட்டை ரத்து செய்யும்போது பிடித்துக்கொள்ளும் பணம் எந்தப் பத்தியில் வருகிறது?

பயணிகளால் ஏற்படும் நஷ்டத்தைச் சரக்கு லாபத்திலிருந்து ஈடுகட்டுவதாக அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி அமைப்பின் அறிக்கைகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. நிலக்கரியின் சரக்குக் கட்டணம் கடைசியில் மின்கட்டணத்தில் வந்து விடிகிறது. ரயிலே ஏறாதவரும் விளக்கைப் போட்டால் பங்கு கட்டுகிறார். சமூகக் கடமையாக நஷ்டத்தில் ரயில் ஓட்டும் செலவை அரசு நேரடியாக ஈடுசெய்ய வேண்டும், கணக்கு முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று ரயில்வே சீரமைப்பை ஆராய்ந்த பிபேக் தேப்ராய் குழு 2015இலேயே சொன்னது. 2017இல் ரயில்வே பட்ஜெட்டைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்தாகிவிட்டது. மானியத்தையும் அங்கே தனி ஒதுக்கீடாகவே காட்டலாமே.

உங்கள் எண்களை அப்படியே நம்பவும் தயக்கமாக இருக்கிறது. 2017-18இல் 100 ரூபாய் ஈட்ட 98.44 ரூபாய் செலவு என்றீர்கள். அரசு நிறுவனங்களான என்டிபிசி, இர்கானிடம் வாங்கிய முன்பணத்தைக் கழித்தால் 102.66 என்றது சிஏஜி. 2019-20இல் நீங்கள் காட்டியது 98.36. ஓய்வூதியச் செலவை உள்ளபடி சேர்த்தால் அது 114.35 என்றது சிஏஜி.

பிரிட்டனில் ரயில் ஒழுங்குமுறை அலுவலகம், எந்த நிறுவனத்துக்கு ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போக எவ்வளவு அரசுப் பணம் சென்றது என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நம் கட்டமைப்பு வேறு என்பீர்கள். சரி, மண்டலவாரியாகவும் வகுப்புவாரியாகவும் தாருங்கள், போதும்.

அதைத் தரும்வரை டிக்கெட்டில் அந்த உபதேசம் வேண்டாம். அந்த இடத்தில், நடைமேடையில் என் பெட்டி எங்கே நிற்கும் என்று அச்சிட்டால், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
முன்பதிவில்லாப் பெட்டியிலும் ஏசி பெட்டியிலும் மாறி மாறிப் போகும் ஒரு பயணி