மருந்து இல்லாத மாத்திரையை அப்படியே சொல்லுங்கள்

மருந்துப் பரிசோதனைகளுக்கு அனுமதி தரும் மருத்துவமனை நெறிமுறைக் குழுக்களில் பொதுமக்கள் சார்பில் இருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மருந்துப் பரிசோதனைகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கித் தருகிறேன். ஒவ்வொரு முறையும் என்னைத் திணறடிக்கும் சொல் 'பிளசிபோ'. 'மருந்துப்போலி' என்றால் யாருக்கும் புரிவதில்லை. 'போலி மருந்து' என்றால் கள்ள மருந்துதான் நினைவுக்கு வரும். அதனால் 'பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து இருக்காது. உங்களுக்கு எது கிடைக்கிறது என்று டாக்டருக்கும் தெரியாது' என்று எழுதுவேன். ஒருமுறை அதை அடித்துவிட்டு 'பிளசிபோ' என்றே அச்சிட்டார்கள். படித்தால் ஆட்கள் பயந்துவிடுவார்களாம். கையெழுத்துப் போடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அந்த வரிதானே?

பிளசிபோவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தானாகக் குணமாகிறவர்கள் உண்டு, மாத்திரை சாப்பிட்ட நம்பிக்கையிலேயே வலி குறைகிறவர்கள் உண்டு. ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று தெரியாது. சரி, அந்த நோய்க்கு ஏற்கெனவே மருந்து இருந்தால்?

2011-இல் டெல்லி, புனே, வேலூரில் ரோட்டாவேக் சொட்டு மருந்துச் சோதனை தொடங்கியது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்து அது. மொத்தம் 6,799 குழந்தைகள். மூன்றில் ஒரு பங்குக்கு மருந்தில்லாத சொட்டு. அந்த வைரஸுக்கு வேறு தடுப்பு மருந்துகள் அப்போதே இருந்தன. எல்லா நாடுகளுக்கும் உலகச் சுகாதார நிறுவனம் 2009-லேயே பரிந்துரைத்திருந்தது. ஆனால் விலை அதிகம், அரசுத் திட்டத்திலும் இல்லை. அந்தச் சோதனையால்தான் மலிவான மருந்து 2016-இல் அரசுத் திட்டத்துக்கு வந்தது. அதன் பயனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 'இதற்குக் காசு கொடுத்தால் மருந்து கிடைக்கும். இங்கே உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம்' என்பதை அந்தத் தாய்மாருக்கு எந்த வார்த்தைகளில் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மருந்துப் பரிசோதனைகளுக்கான அரசின் 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும். அதில் மருத்துவத் துறை சாராத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். அது நீங்கள்தான். வழக்கமான சிகிச்சை இருந்தும் தராமல் பிளசிபோ கொடுத்து, அதனால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு என்றும் அதே விதிகள் சொல்கின்றன. படிவத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஆங்கிலப் பிரதியை ஓரமாக வைத்துவிட்டு, தமிழ்ப் படிவத்தை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடமும் படித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவருக்குப் புரியாத படிவத்துக்கு ஒப்புதல் தராதீர்கள்.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்