லெவினா வரைந்ததுதானா?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தை ஆண்ட டியூடர் அரச குடும்ப நுண்ணோவியங்கள் பற்றிய கட்டுரையில், படத்தின் கீழே 'வரைந்தவர்: லெவினா டீர்லிங்க்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவ்வளவு எளிதல்ல.

புரூஜ் நகர ஓவியர் சைமன் பெனிங்கின் மகள் லெவினா. 1546இல் மன்னர் எட்டாம் ஹென்றி அவருக்கு ஆண்டுக்கு 40 பவுண்டு சம்பளம் போட்டார். பெரிய ஓவியர் ஹோல்பைனுக்கே 30தான்! முதலாம் எலிசபெத் அரசிக்குப் புத்தாண்டுப் பரிசாக அவர் படங்கள் கொடுத்தது அரண்மனைக் கணக்கில் இருக்கிறது. ஆனால் அவர் கையெழுத்திட்ட படம் ஒன்றுகூட இன்று கிடையாது. ஒல்லிக் கைகள், மெல்லிய வண்ணம் என்று சாயலை வைத்தே அவர் பெயரை ஒட்டுகிறார்கள். அந்த ஊகத்தை அளவுகோலாக்கி அடுத்த படத்தையும் அவர் கணக்கில் சேர்க்கிறார்கள். அப்படி அவர் பெயர் ஒட்டிய ஒன்று, அமெரிக்காவின் யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ள, உள்ளங்கைக்குள் அடங்கும் படம்; அதில் இருப்பது சில நாளே அரசியாக இருந்த ஜேன் கிரேதானா என்பதே இன்னும் தகராறு.

ஒரே முகத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை இன்னொருவரும் வரைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுதிவைத்தார் ஜஹாங்கீர். நமக்கு ஏது அந்தக் கண்? 'வரைந்தவராகக் கருதப்படுபவர்' என்று போட்டிருக்கலாம்.

- வாசகி, கும்பகோணம்