ராத்திரி ஒன்பதரைக்கு கரண்ட் கட்டாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரண்ட் பில் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்கிற கூட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்புகிறவள்தான் நானும். போன மாதம் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பெரியம்மாவுக்கே அது நடந்துவிட்டது.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். 'போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைக் கூப்பிடவும்' என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பில் கட்டிய ரசீது காலண்டர் ஆணியில் குத்தித்தான் இருந்தது. ஆனால் பெரியம்மாவுக்கு பிரிட்ஜில் இருக்கும் இன்சுலின் கெட்டுப்போகுமே என்ற பதற்றம். கூப்பிட்டார். "பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கம்மா, சரியாயிடும்" என்று பதவிசாகப் பேசியவன் ஒரு ஆப்பை அனுப்பி ஏற்றச் சொல்லியிருக்கிறான். நம் போன் திரையை அப்படியே அவனுக்குக் காட்டுகிற ஆப் அது. பெரியம்மா அழுத்திய ரகசிய பின் (PIN) நம்பர், வந்த ஓடிபி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்து, கால் மணி நேரத்தில் 38,000 ரூபாயை எடுத்துவிட்டான்.

மின்வாரியத்தில் இருந்து வருகிற மெசேஜில் சர்வீஸ் நம்பர், தொகை, கடைசித் தேதி இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை, அனுப்பியதும் யாருடையதோ பத்து இலக்க நம்பர். ரீடிங் எடுத்த நாளில் இருந்து கட்டுவதற்கு 20 நாள் இருக்கிறது, அதற்கப்புறம் பாக்கி என்றாலும் நம்ம பக்கம் பியூஸைப் பிடுங்க ஆள்தான் வீட்டுக்கு வர வேண்டும், ராத்திரி ஒன்பதரைக்கு யார் வரப்போகிறார்கள்? சந்தேகம் இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு அடித்துக் கேட்கலாம்.

எனக்கு மனசே ஆறாதது வேறு. துபாயில் இருக்கும் மகன் திட்டுவானே என்று பெரியம்மா இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. உடனே சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்குச் சொல்லியிருந்தால் பணம் போன கணக்கை முடக்கப் பார்த்திருப்பார்கள். நாங்கள் சொல்வதற்குள் அது எங்கெங்கோ கைமாறிவிட்டது. தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடம், ஏமாந்தாலும் உடனே சொல்லுங்கள், திட்ட மாட்டோம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

ரீடிங் எடுக்க வருகிறவர்களும் அட்டையில் எழுதும்போது வீட்டில் இருப்பவர்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். நீங்கள் அந்த இரண்டு நம்பரையும் உங்கள் தாளின் நெல்லைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள் ஐயா, வெட்டி எங்கள் தெரு ரேஷன் கடைச் சுவரில் நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்