பின் இடது கதவு

யீஷூன்,
சிங்கப்பூர்.

அன்பு மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. திருச்சி வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்துவிட்டாய் என்று படித்ததும் உன் தங்கச்சிக்குத்தான் பெரிய நிம்மதி. போன முறை வந்தபோது அந்தப் படியில் அவள் தடுமாறியதை இன்னும் மறக்கவில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஆனாலும் தேக்கா சந்தைக்குத் தானே போய் மீன் வாங்கினால்தான் அவளுக்குத் திருப்தி.

உன் மருமகன் காரின் கதவை ஷேர் ஆட்டோ இடித்துவிட்டது, டிங்கரிங் செய்தால் போதுமா, கதவையே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்தபோது என் காரும் கதவு நசுங்கித்தான் கீழே நின்றது. அதனால்தான் உடனே எழுதவில்லை. என் கதவுக்கு ஒரு முடிவு தெரிந்தபின் எழுதினால் உனக்கும் உதவும் என்று காத்திருந்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது. கேம்பல் லேனில் கட்டியிருக்கும் மாடுகளைப் பார்க்கப் பேத்தியை அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முதல் நாள் மாலை, எங்கள் புளோக்குக்குக் கீழே நிறுத்தியிருந்த காரில் ஒரு லாரி பின்னோக்கி வந்து இடித்துவிட்டது. லாரியின் பின்பக்கத் தூக்குப் பலகை இருக்கிறதே, அதன் முனை பின் இடது கதவின் நடுவில் சரியாகக் குத்தியிருந்தது. நல்லவேளை, காரில் யாரும் இல்லை.

லாரி ஓட்டிய தம்பி ஓடிப்போகவில்லை. வெயிலில் அரைமணி நேரம் காரின் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். நான் இறங்கி வந்ததும், "அண்ணே, என் தப்புதான். சம்பளத்தில் பிடிச்சிருவாங்க" என்றான். புதுக்கோட்டைப் பக்கம். அவன் முகத்தைப் பார்த்தபின் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் முதலாளி தொலைபேசியில் பேசினார். 300 வெள்ளி தருகிறேன், காப்புறுதிக்குப் போக வேண்டாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தம்பி மேல் உள்ள வருத்தம் வேறு, கதவு வேறு. வெளியே தெரிகிற பள்ளத்துக்கு 300 போதுமாக இருக்கலாம். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இங்கே விபத்து எவ்வளவு சின்னதானாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், நம் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். 2008லிருந்து இந்த நடைமுறை. பலர் பயந்துகொண்டு சொல்வதில்லை. சொன்னாலே காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. விபத்தைத் தெரிவிப்பது வேறு, கிளெய்ம் செய்வது வேறு. ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 50 விழுக்காடு தள்ளுபடி. நம் தவறாக இருந்து ஒரு முறை கிளெய்ம் செய்தால் அது 20க்கு இறங்கிவிடும், மறுபடி 50க்கு ஏற மூன்று ஆண்டு ஆகும். எனக்கு அந்தக் கவலை இல்லை. நின்றிருந்த காரில் அவர்கள் வந்து இடித்தது. எனவே லாரியின் காப்புறுதிதான் கொடுக்க வேண்டும், என் தள்ளுபடி அப்படியே இருக்கும். படங்கள் எடுத்தேன், இரண்டு வண்டி எண்ணும் தெரிகிற மாதிரி. அந்தத் தம்பியின் முதலாளியிடம் மறுபடி பேசி, காப்புறுதி இருக்கும்போது அவன் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். சரி என்றார். போன வாரம் அந்தத் தம்பியே அழைத்து, சம்பளத்தில் எதுவும் பிடிக்கவில்லை என்றான்.

மறுநாள் பேத்தியை ரயிலில் கூட்டிப்போனோம். மாடு அவள் கையை நக்கியதில் கார் நினைவே அவளுக்கு இல்லை.

இனி கதவு. முதலில் போன பட்டறையில் ஒரு பையன் விரலால் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இழுத்து நிமிர்த்தி, பட்டி போட்டு, ஸ்ப்ரே அடித்துவிடலாம் அங்கிள், இரண்டு நாள்" என்றான். கதவின் உட்பலகையை, அதாவது டிரிம்மைக்கூட, அவன் கழற்றவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் நேஷனல் சர்வீஸ் முடித்து ஜாலான் புசார் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பழகியது உனக்குத் தெரியும். நாம் படித்த உமறுப் புலவர் பள்ளியை 1982ல் மூடிய செய்தியை அங்கேதான் கேட்டேன், கையில் சுத்தியலோடு. அந்தப் பட்டறைத் தவ்கே, அதாவது முதலாளி, கதவுக்குள் கை விடாமல் விலை சொல்லவே மாட்டார். உட்பலகையைக் கழற்று, பிளாஸ்டிக் தாளைப் பக்குவமாக உரி, விளக்கைப் பிடித்துப் பார், அப்புறம் பேசு என்பார். அப்போது வந்த கார்கள் பலவற்றில் கதவுக்குள் தகடும் கண்ணாடியும் பூட்டும்தான் இருக்கும். இப்போது அப்படியில்லை. பக்கவாட்டில் இன்னொரு வண்டி இடித்தால் கதவு உள்ளே பாயாமல் தடுக்க, குறுக்காக ஒரு பீம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். 1973ல் அமெரிக்காவில் கார்க் கதவின் பக்கவாட்டு வலிமைக்கு விதி வந்தபின் பரவிய பழக்கம் அது. சிலவற்றில் குழாய் மாதிரி இருக்கும், சிலவற்றில் மடித்த பட்டை மாதிரி. சாதாரண இரும்பு இல்லை, மிகவும் உறுதியான எஃகு. அந்த உறுதிதான் பட்டறையில் தொல்லை. வளைந்தபின் குளிராக இழுத்து நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். சூடேற்றி நிமிர்த்தினால் எஃகு மென்மையாகித் தன் பலத்தை இழந்துவிடும். பார்வைக்கு நேராக இருக்கும், இன்னொரு இடியைத் தாங்காது. பீம் வளைந்தால் கதவை மாற்று என்று கார் செய்கிறவர்கள் சொல்வது அதனால்தான்.

காரைக் காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் கொண்டுபோனேன். இருவருமாக டிரிம்மைக் கழற்றினோம். விளக்கடித்துப் பார்த்தால், வெளித்தகடு பீமோடு ஒட்டி நிற்கிறது, பீமின் நடுவில் தெளிவாக ஒரு வளைவு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் பேத்தியின் இருக்கை. 1.35 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம். நாங்கள் அதை எப்போதும் இடது பக்கமே வைப்போம், நடைபாதைப் பக்கம் இறக்கலாம் என்று.

மகன் வேறு கணக்குச் சொன்னான். "அப்பா, சிஓஇ இன்னும் மூன்று வருஷம்தான். அதுக்கப்புறம் இந்தக் காரையே கழிச்சிருவீங்க. எதுக்கு முழுக் கதவு? யார் காசா இருந்தாலும் தொல்லைதானே?" அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1990லிருந்து இங்கே கார் என்றால் சிஓஇ என்கிற பத்தாண்டுச் சான்றிதழ்தான். அது முடிந்தால் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவை நீக்கிவிட வேண்டும். ஆனால் நான் அவனிடம் கேட்டது இதுதான்: காருக்கு மூன்று வருஷம் என்றால், அந்த மூன்று வருஷமும் அங்கே உட்காரப்போவது யார்? அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கார் ஏஜென்டிடம் புதுக் கதவுக்குச் சொல்லிவைத்தால் வருவதற்கு நாளாகும் என்றார்கள். அப்போதுதான் பட்டறைக்காரர், அதே மாடல், அதே வெள்ளி நிறம், பதிவு நீங்கிய காரின் கதவு ஒன்று இருக்கிறது என்றார்.

மச்சான், இந்த ஊரில் கழித்த காரின் கதவு என்றால் கேவலமாக நினைக்காதே. அந்த இரும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, தாளில்தான் ஆயுள் முடிந்திருக்கும். பத்து வருஷம் ஓடிய காரின் கதவு என்பது உண்மை. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரிலிருந்து கழற்றியது. நான் அதைத் தரையில் சாய்த்துவைத்து முக்கால் மணி நேரம் பார்த்தேன். துணி சுற்றிய காந்தத்தை வெளித்தகடு முழுக்க ஓட்டினேன், பட்டி போட்ட இடத்தில் பிடி தளரும். கதவின் உள்விளிம்பில் தகடு மடிந்திருக்கும் இடத்தில் ஓடும் சீலர் கோடு தொழிற்சாலையில் போட்டதென்றால் ஒரே சீராக இருக்கும், மறுபடி போட்டதென்றால் கைநடுக்கம் தெரியும். அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கின்றன, அவை அடைத்துப்போனால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பீமைப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. குழந்தைப் பூட்டின் சின்ன நெம்பு சரியாக விழுகிறதா என்று பத்துத் தடவை போட்டு எடுத்தேன். பின் கதவுக்கு அது முக்கியம், பலர் மறந்துவிடுவார்கள். கண்ணாடி மோட்டாரின் இணைப்பும் என் காரின் கம்பியோடு பொருந்தியது.

நிறம் மட்டும் பொருந்தவில்லை. அதே நிற எண்தான், ஆனாலும் பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரிந்தது. உலோகத் துகள் கலந்த வெள்ளி நிறம் பெயின்ட்காரருக்குப் பெரிய சோதனை. துகள் படுத்திருக்கும் கோணம் மாறினாலே வெளிச்சத்தில் வேறு நிறமாகிவிடும். என் கார் திறந்தவெளியில் நின்று வெளுத்திருந்தது, அந்தக் கதவு நிழலில் நின்ற காரிலிருந்து வந்தது போலிருக்கிறது. அதனால் கதவுக்கு மட்டும் அடிக்காமல், முன் கதவுக்கும் பின் பக்கத் தகட்டுக்கும் நிறத்தை மெல்லக் கரைத்துக் கொண்டுபோய், மூன்றுக்கும் சேர்த்து மேலே தெளிவுப் பூச்சு அடித்து, பெயின்ட் அடிக்கும் கூண்டில் 60 டிகிரியில் காயவைத்தார்கள். மதியம் பார்த்தேன், மாலையில் மஞ்சள் விளக்கடியில் பார்த்தேன். ஒட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. அந்தப் பெயின்ட்காரர் ஈப்போக்காரர், அறுபது வயதிருக்கும். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

மாட்டியபின் இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கக் கீலைச் சரிசெய்தார்கள், கதவு பக்கத்துத் தகட்டோடு சமமாக உட்காரக் கொக்கி பிடிக்கும் ஸ்ட்ரைக்கரை நகர்த்தினார்கள். பத்து நிமிடம் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்து உள்ளே ஈரம் இல்லையென்று உறுதி செய்தோம். திரும்பும்போது சிலேத்தார் விரைவுச்சாலையில் வானொலியை அணைத்துவிட்டு ஓட்டினேன், காற்றுச் சத்தம் கேட்கிறதா என்று. கேட்கவில்லை. பழைய கதவை என்ன செய்வது என்று கேட்டார்கள். பீமை இரண்டாக அறுத்துப் போடச் சொன்னேன், யாரும் நிமிர்த்தி விற்றுவிடக் கூடாது.

இப்போது உன் கதை. உன் மருமகன் கார் ஆறு வருஷம் என்பதால் கதவு மாற்றினால் இரும்புப் பாகத்துக்குக் காப்பீட்டில் 40 விழுக்காடு தேய்மானம் பிடிப்பார்கள், மீதிதான் வரும் என்று எழுதியிருந்தாய். அதனால் டிங்கரிங்தான் லாபம் என்று அவர் நினைப்பது புரிகிறது. நான் டிங்கரிங்கைக் குறை சொல்லவில்லை. கை தெரிந்தவர் டாலி என்கிற இரும்புக் கட்டையும் சுத்தியும் வைத்துப் பின்னாலிருந்து பொறுமையாகத் தட்டினால், மேலே காகிதக் கனத்துக்குப் பட்டி போதும். வெளித்தகடு மட்டும் நசுங்கியிருந்தால் கதவை மாற்றாதே. தொழிற்சாலையில் மாட்டிய கதவு காரோடு பொருந்தி நிற்கிற மாதிரி வேறு எதுவும் நிற்காது. பெயின்ட்டே விரியாத சின்னப் பள்ளம் என்றால் பெயின்ட் தொடாமல் உள்ளிருந்து தள்ளி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடு. ஆனால் பீம் வளைந்திருந்தாலோ, கீல் உட்காரும் இடம் கிழிந்திருந்தாலோ, காசு பார்க்காதே. பட்டி கனமாக அப்பி முடித்துவிட்டேன் என்றால் நம்பாதே. ஈரம் குடித்த பட்டி மழைக்காலத்தில் கொப்பளம் போடும்.

ஆட்டோ இடித்தது முன் கதவு என்பதால் இன்னொன்று. சில புதுக் கார்களில் பக்கக் காற்றுப்பைக்கான அழுத்த உணரி முன் கதவுக்குள்ளேயே இருக்கும். கதவு நசுங்கும்போது உள்ளே காற்று திடீரென்று அழுந்துவதை அது கண்டுபிடிக்கும். அதனால் உட்பக்கத்துப் பிளாஸ்டிக் தாள் கிழிந்து கிடந்தால் தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை, காற்று கசிந்து அந்த உணரியும் ஏமாந்துவிடலாம். பாட்டரி இணைப்பை எடுக்காமல் அந்தக் கம்பிகளைத் தொட விடாதே.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாய், பயணச்சீட்டுப் போட்டதும் எழுது. விமான நிலையத்துக்கு நான்தான் வருவேன். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். மருமகனிடம் சொல்லி இந்த வாரமே டிரிம்மைக் கழற்றி, விளக்கடித்து, பீம் தெரிகிற மாதிரி இரண்டு மூன்று படம் எடுத்து அனுப்பச் சொல். அதைப் பார்க்கும்வரை பட்டறைக்காரரிடம் ஒன்றும் பேசி முடிக்க வேண்டாம்.

உன் அன்பு நண்பன்