அந்த "ஒருவர்" எர்மா ஃபிராங்க்ளின்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' பாட்டைப் பற்றிய பத்தியில் இப்படி ஒரு வரி: "கறுப்பினப் பாடகி ஒருவர் பாடி, யாரும் கவனிக்காமல் போன பாட்டுக்கு ஜானிஸ் உயிர் கொடுத்தார்." அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. இதழை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள் காலையில்தான் படித்தேன்.

அந்த ஒருவருக்குப் பெயர் இருக்கிறது ஐயா. எர்மா ஃபிராங்க்ளின். தங்களுக்குத் தெரியாத பெயராக இருக்க முடியாது. புகழ்பெற்ற பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் உடன்பிறந்த அக்கா. டெட்ராய்டில் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் சி. எல். ஃபிராங்க்ளினின் மகள். ஜெர்ரி ராகவாயும் பெர்ட் பெர்ன்ஸும் எழுதிய அந்தப் பாட்டை எர்மா பாடி, 1967ல் பெர்ன்ஸின் ஷவுட் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அமெரிக்காவின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுப் பட்டியலில் 10ஆவது இடம் வரை ஏறியது. கிராமி விருதுக்குப் பரிந்துரையும் ஆனது. எல்லா வகைப் பாட்டும் சேர்ந்த பொதுப் பட்டியலில் மட்டும் 62ஆவது இடத்தோடு நின்றுவிட்டது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியல் என்றால் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாங்கிக் கேட்டது. அவர்கள் அத்தனை பேர் கேட்டதை "யாரும் கவனிக்கவில்லை" என்று எழுதலாமா? அவர்கள் யாரும் ஆட்கள் இல்லையா?

ஜானிஸ் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பிக் பிரதர் அண்ட் தி ஹோல்டிங் கம்பெனி குழுவோடு 1968ல் அவர் பாடிய விதம் வேறு, அது பொதுப் பட்டியலில் 12ஆவது இடத்துக்குப் போனதும் நியாயம்தான். 27 வயதில் போய்ச் சேர்ந்த பிள்ளை. அவரைக் குறை சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது. எர்மாவே கோபப்படவில்லை. வானொலியில் ஜானிஸ் பாடியதை முதலில் கேட்டபோது அது தன் பாட்டு என்றே அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு மாற்றிப் பாடியிருந்ததால் பெரிய வருத்தமும் இல்லை என்றுதான் பேட்டியில் சொன்னார். என் கோபமெல்லாம் எழுதுகிறவர்கள் மேல்தான்.

இவ்வளவு ஏன் பேசுகிறேன் என்றால், இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். 1993ல் பொன்மலையில் ஒரு கேசட் பதிவு செய்யும் கடையில் வேலை பார்த்தேன். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் பதிந்து தருவோம். ரயில்வே காலனியில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒருவர் அடிக்கடி வருவார். அவருடைய அண்ணன் லண்டனில் இருந்தார். அதற்கு முந்தின வருடம்தான் பிரிட்டனில் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் எர்மாவின் குரலைப் போட்டார்கள். 25 வருடப் பழைய பாட்டு அங்கே மறுபடி வெளியாகி முதல் பத்துக்குள் வந்தது. அண்ணன் அதைக் கேசட்டில் பிடித்து அனுப்பியிருந்தார். ஆன்ட்டி அதை இன்னொரு பிரதி எடுக்கக் கொண்டுவந்தார்.

எங்களிடம் ஏற்கெனவே ஜானிஸின் பாட்டு இருந்தது, அறுபதுகளின் ஆங்கிலப் பாட்டுத் தொகுப்பு ஒன்றில். "இது தெரியும் ஆன்ட்டி, நம்மகிட்டயே இருக்கு" என்றேன். அவர், "தம்பி, இது வேற ஆளு. பேசாம உட்கார்ந்து கேளு" என்றார். டேப் ரெக்கார்டர் ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் போட்டேன். மெதுவாக ஆரம்பிக்கிறது. பின்னால் பியானோ, கூடப் பாடும் பெண்களின் குரல். எர்மா கத்தவே இல்லை. நடுவீட்டில் உட்கார்ந்து கணக்குக் கேட்கிற மாதிரி பாடுகிறார். ஒரு மனுஷி எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவையும் உனக்குக் கொடுத்தேனே, கொடுத்தேனா இல்லையா என்று கேட்கிறார். குரல் மேலே போகும்போதும் பிடி தளரவில்லை. இன்னொரு துண்டும் எடுத்துக்கொள் என்று சொல்கிற இடத்தில் அழுகை வர வேண்டும், வரவில்லை. அடக்கிவிடுகிறார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அடுத்து ஜானிஸைப் போட்டுப் பார்த்தேன். கிட்டார் கிழிக்கிறது, அவர் நெஞ்சைப் பிளந்து காட்டுகிறார். அதுவும் பெரிய பாட்டுதான். ஆனால் உயிர் இல்லாத ஒன்றுக்கு உயிர் கொடுத்ததாக என் காதுக்குப் படவில்லை. உயிர் முதலிலேயே இருந்தது.

அந்தப் பாட்டை எங்கள் கடைத் தொகுப்பிலும் சேர்த்தோம். அட்டையில் எர்மா ஃபிராங்க்ளின் என்று எழுதினேன். முதலாளி பார்த்துவிட்டு, "யாருக்குடா தெரியும் இந்தப் பேரு? ஜானிஸ்னு போடு, அப்பதான் போகும்" என்றார். சம்பளம் கொடுக்கிறவர், என்ன செய்ய? அடித்துவிட்டு ஜானிஸ் ஜாப்ளின் என்று எழுதினேன். என் கையெழுத்தில் அப்படி எத்தனை கேசட் போயிற்று என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அப்போது எனக்கு வயது 22. தங்கள் கட்டுரையாளருக்கு அந்த வயது இருக்காது என்று நினைக்கிறேன்.

இது முதல் தடவையும் இல்லை. 2018ல் அரீதா காலமானபோது தங்கள் இதழில் வந்த அஞ்சலிக் கட்டுரையில் 'ரெஸ்பெக்ட்' அவருடைய சொந்தப் பாட்டு என்றே எழுதியிருந்தீர்கள். அதை எழுதி 1965ல் முதலில் பாடியவர் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங். அரீதா பாடியது 1967ல். அந்த வருடம் ஜூனில் மான்டரே இசைவிழா மேடையில் ஓட்டிஸே, ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு என்று சொல்லித்தான் அதைப் பாடினார். ஜானிஸை ஊர் உலகம் கண்டுகொண்டதும் அதே விழாவில்தான். அரீதாவின் 'ரெஸ்பெக்ட்'டில் பின்னணிக் குரல் கொடுத்ததில் எர்மாவும் உண்டு, தங்கை கரோலினும் உண்டு. இதையெல்லாம் அப்போதே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். நன்றி தெரிவித்து ஒரு அட்டை வந்தது. கடிதம் இதழில் வரவில்லை. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது விட முடியவில்லை. ஏனென்றால் ஓட்டிஸ் கதையும் எர்மா கதையும் ஒன்றல்ல. ஓட்டிஸ் பாட்டை எழுதியவர். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குத்தான் காசு தருகின்றன, பாடியவருக்கு இல்லை. வேறு ஒருவர் பாடி விற்றாலும் உரிமைத் தொகை எழுதியவருக்கே போகும். அதனால் அரீதாவின் குரல் வானொலியில் ஒலித்த ஒவ்வொரு தடவையும் ஓட்டிஸ் வீட்டுக்கு ஏதோ போயிருக்கும். எர்மா பாட்டை எழுதவில்லை, பாடினார். இந்தப் பாட்டு இடம்பெற்ற ஜானிஸின் 'சீப் த்ரில்ஸ்' ஆல்பம் 8 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் எர்மாவுக்குப் பங்கு கிடையாது. பிற்பாடு அவர் டெட்ராய்டில் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தார். 2002ல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். முதலில் பாடியவர் என்ற பெயர் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. அதையும் "ஒருவர்" என்று ஆக்கிவிட்டால் என்ன இருக்கிறது?

நம் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளிலும் இதைத்தான் பார்க்கிறேன். பிள்ளைகள் பழைய பாட்டைப் பாடும்போது திரையில் படத்தின் பெயர் வரும், நடிகர் பெயர் வரும். அன்றைக்கு மைக் முன்னால் நின்று பாடியவர் பெயர் பல நேரம் வருவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போகிறது. அப்புறம் நாளைக்கு அவர்கள் எப்படிச் சரியாக எழுதுவார்கள்? பத்திரிகையாவது பார்த்து எழுத வேண்டாமா? தங்கள் இதழை நான் கல்லூரி நாளில் இருந்து காசு கொடுத்து வாங்குகிறேன். நூலகத்தில் ஓசியில் படிப்பவன் இல்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

அடுத்த இதழில் திருத்தமாக இரண்டு வரி போதும்: 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' பாட்டை 1967ல் முதலில் பாடியவர் எர்மா ஃபிராங்க்ளின் என்று. இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க வேண்டும் என்று இல்லை. சுருக்க வேண்டி வந்தால் என் கதையை எடுத்துவிடுங்கள், அவர் பெயரை எடுக்க வேண்டாம். தமிழில் அச்சிடும்போது 'எர்மா' என்பது 'எம்மா' என்று ஆகிவிடாமல் மெய்ப்புப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் நன்றி உடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பொன்மலை, திருச்சி-4.